தள்ளிவைத்த வயது

முப்பத்தொரு வயதான தன் மகளுக்கு இப்போதுதான் பதினாறு வயது தொடங்கியிருக்கிறது என்பதைப் பூபதி முதலில் கதவுச் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டார். காலையில் எத்தனை தோசை ஊற்றட்டும் என்று கேட்டார், அவ்வளவுதான். இரண்டா மூன்றா என்று ஒரு தகப்பன் கேட்பதில் என்ன குற்றம் இருக்க முடியும்? அவர் மகள் டாக்டர் தன்ஷிகா, கோயம்புத்தூரில் பெயர் சொன்னாலே தெரிகிற கண் மருத்துவர், கண்புரை எடுப்பதில் கைராசிக்காரி என்று பேரெடுத்தவள், விருட்டென்று எழுந்து போய்த் தன் அறைக் கதவை அறைந்து சாத்தினாள். திருச்செங்கோட்டில் அந்த வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிய நாளிலிருந்து அந்தக் கதவு அப்படி ஒரு சத்தம் போட்டதில்லை.

பூபதி அடுப்பை அணைத்துவிட்டுக் கையில் தோசைத் திருப்பியோடு நின்றார். கோபம் வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. நாற்பது வருஷம் ரிக் வண்டி ஓட்டிக் கர்நாடகம், ஆந்திரம் என்று பாறையைத் துளைத்துத் தண்ணீருக்குப் போர் போட்ட மனிதர். கம்ப்ரசர் இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்தி வளர்ந்த குரல் அவருடையது. ஆனால் தன் மகளிடம் அந்தக் குரலை எடுக்க வேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை. வராதபடி அவரே ஏற்பாடு செய்திருந்தார்.

அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் நீளமாக, வாயில் நுழையாத ஒரு பெயர். ஊரில் எல்லோருக்கும் அது பிளாஸ்திரி. காதுக்குப் பின்னால் கட்டைவிரல் அகலத்துக்கு ஒட்டுவது. மனம் கொதித்து உயிரை விடத் துணிகிற பிள்ளைகளைக் காப்பாற்ற வெளிநாட்டில் யாரோ நல்லெண்ணத்தோடு கண்டுபிடித்தார்கள். உடம்பு தன்பாட்டுக்கு வளரும், படிப்பு ஏறும். அந்த வயதுக்கே உரிய கொந்தளிப்பு மட்டும் கிட்டே வராது. எதிர்த்துப் பேசுவது, கண்ணாடி முன்னால் மணிக்கணக்கில் நிற்பது, யாரையாவது பார்த்து மனசைப் பறிகொடுப்பது, ஒன்றுமில்லாததற்கு அழுவது எல்லாம் ஒத்திவைக்கப்படும். இப்படி ஒரு வசதி இருக்கிறதென்று தெரிந்தபின் நம் விடுதிப் பள்ளிகள் சும்மா இருக்குமா? நுழைவுத் தேர்வுக்குத் தயார் செய்கிற இரண்டு வருஷமும் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடலாம் என்று ஒரு பள்ளி ஆரம்பிக்க, மற்றவையும் பின்னாலேயே வந்தன.

தன்ஷிகா படித்த பள்ளியின் தாளாளர் பெற்றோர் கூட்டத்தில் அதை எளிமையாக விளக்கினார். ஆடி மாதத்தில் யாராவது கல்யாணம் வைக்கிறோமா, ஆவணிக்குத் தள்ளிவைக்கிறோம் இல்லையா, அதுபோலத்தான் இதுவும் என்றார். தேர்வு முடிந்து எடுத்துவிட்டால் ஆறு மாதத்தில் அந்த வயது தானாக வந்துவிடும், அதுவும் பக்குவமாக, மெதுவாக வரும் என்றார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். பிள்ளையின் தேர்வுக்காகச் செல்போனைத் தள்ளிவைத்தவர்கள், குலதெய்வத்துக்குக் கிடாவெட்டைத் தள்ளிவைத்தவர்கள், வயதையும் தள்ளிவைத்தார்கள். பூபதியும் அவர் மனைவி சாந்தாமணியும் கையெழுத்துப் போட்டுவிட்டு வரும் வழியில் கரும்புச்சாறு குடித்தார்கள். தன்ஷிகாவிடம் கேட்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததெல்லாம் நல்லதாகவே நடந்தது. மருத்துவ இடம் கிடைத்தது. பிளாஸ்திரியை எடுத்தாயிற்று. ஆறு மாதம் போயிற்று, ஆறு வருஷமும் போயிற்று. அந்த வயது வந்த சுவடே இல்லை. வந்து சத்தமில்லாமல் போயிருக்கும் என்று பெற்றவர்கள் நினைத்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை என்று நவநீதனின் புகைப்படத்தைக் காட்டியபோது, உங்களுக்குப் பிடித்திருந்தால் சரி என்றாள். சாந்தாமணி இறந்தபோது வந்தவர்களுக்குக் காபி கொடுப்பது முதல் பந்தல்காரனை அனுப்புவது வரை எல்லாவற்றையும் கண் கலங்காமல் பார்த்துக்கொண்டாள். பெண் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று உறவே மெச்சியது. தினமும் இரவு சாப்பாட்டு நேரத்துக்குப் போன் செய்து, மாத்திரை போட்டுக்கொண்டீர்களா அப்பா என்று கேட்பாள். அந்த ஒரு போனுக்காகவே பூபதி நாள் முழுக்கக் காத்திருப்பார்.

அப்படிப்பட்டவள்தான் இப்போது மருத்துவமனைக்கு நீண்ட விடுப்புச் சொல்லிவிட்டு, புருஷனிடம் சரியாக ஒரு காரணமும் சொல்லாமல், பெட்டியோடு வந்து இறங்கியிருந்தாள். பதினோரு மணி வரை தூங்கினாள். முன்மயிரில் ஒரு கற்றைக்கு நீலச் சாயம் பூசிக்கொண்டாள். போனில் யாருடனோ விழுந்து விழுந்து சிரித்தாள், வைத்த கையோடு அழுதாள். அம்மாவின் புடவை ஒன்றை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்கத் தேம்பினாள். சாந்தாமணி போய் ஆறு வருஷம் ஆகியிருந்தது.

ஒருநாள் கத்தரிக்காய்க் குழம்பைப் பார்த்துத் தட்டைத் தள்ளிவைத்தாள். கத்தரிக்காய் எனக்குப் பிடிக்காது என்றாள். இத்தனை வருஷம் தின்றாயே என்று பூபதி கேட்டார்.

"பிடிக்காதுன்னு இப்பத்தான்பா தெரியுது. எனக்கு என்னென்ன பிடிக்கும்னே எனக்குத் தெரியல. ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்துட்டு இருக்கேன்."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் கோபமே இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கை நழுவிய குழந்தை மாதிரி இருந்தது. பூபதி உடனே கத்தரிக்காயை எடுத்துவிட்டு முட்டை பொரித்துக் கொடுத்தார். அவள் எதைக் கேட்டாலும் சரி அம்மிணி என்றார். நீலச் சாயமா, சரி. வேலைக்குப் போகப் போவதில்லையா, சரி. அவர் சரி சொல்லச் சொல்ல அவளுக்கு எரிச்சல் ஏறியது. என்ன சொன்னாலும் தலையாட்டுகிறீர்களே, உங்களுக்கென்று ஒரு எண்ணமே கிடையாதா என்று கத்திவிட்டு மறுபடியும் கதவு.

இரண்டு வாரம் கழித்து மருமகன் நவநீதன் வந்தான். மென்மையான பையன், மென்பொருள் நிறுவனத்தில் பெரிய பொறுப்பில் இருப்பவன், நாற்காலியை இழுத்தால்கூடச் சத்தம் வராமல் இழுப்பவன். தன்ஷிகா அவன் வந்தது தெரிந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டாள். அவன் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பையிலிருந்து மருத்துவமனைத் தாள்களை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

பெரியவர்களுக்கென்றே இப்போது பிளாஸ்திரி வந்திருக்கிறதாம். இப்படித் தாமதமாக வயது வந்தவர்கள் தாங்களாக முடிவெடுக்கும் நிலையில் இல்லை என்று சட்டம் சொல்கிறதாம். அதனால் முதல்முறை கையெழுத்துப் போட்டவர் உயிரோடு இருந்தால் அவரே இப்போதும் போட்டுவிடலாமாம். ஒட்டிய பத்து நாளில் பழைய தன்ஷிகா திரும்பிவிடுவாள்.

"யோசிச்சுச் சொல்லுங்க மாமா," என்றான். "நான் கல்யாணம் பண்ணினது யாரைன்னே எனக்குத் தெரியல. இருந்தவளையா, இப்ப மாடியில இருக்கறவளையா? ஒண்ணு மட்டும் தெரியும். இருந்தவளோட நான் நல்லா இருந்தேன்."

பூபதிக்கு அவனைக் குறைசொல்ல மனம் வரவில்லை. அவரும் இருந்தவளைத்தான் தேடிக்கொண்டிருந்தார்.

மறுநாள் லூர்துமேரி வந்தார். அவர் வருவது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. பிளாஸ்திரிக்கு அனுமதி கொடுத்தபோது அரசாங்கம் ஒரு நிபந்தனை போட்டிருந்தது: ஒட்டிய பிள்ளைகளை அவர்கள் வாழ்நாள் முழுக்கக் கவனித்து எழுத வேண்டும். அதற்கென்று ஏற்பட்ட ஆய்வு மையத்தின் உளவியலாளர் அவர். திண்டுக்கல்காரர். தன்ஷிகாவின் பதினைந்தாம் வயதிலிருந்து வருஷத்துக்கு ஒருமுறை வந்து, ஒரே மாதிரிக் கேள்விகளை மகளிடம் ஒருமுறையும் பெற்றவர்களிடம் ஒருமுறையும் கேட்டுவிட்டுப் போவார். கடைசியாக எப்போது யாரோடு சண்டை போட்டீர்கள் என்பது அதில் ஒரு கேள்வி. தன்ஷிகாவின் பதில் எல்லா வருஷமும் ஒன்றுதான்: யாரோடும் இல்லை. அதைக் கேட்டுச் சாந்தாமணி பெருமையாகச் சிரிப்பாள். லூர்துமேரி சிரிக்க மாட்டார்.

இந்தமுறை தன்ஷிகா கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. என்னைச் சோதனை எலியாக வைத்துப் பார்த்தது போதும் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். லூர்துமேரியின் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்ததைப் பூபதி கவனித்தார். அது அவருக்குக் கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது.

காபியைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். இத்தனை வருஷமாக நீங்கள்தான் கேட்டீர்கள், இன்றைக்கு நான் கேட்கிறேன் என்றார். கேட்கலாமே தவிர எதுவும் சொல்லக் கூடாது என்பது எங்கள் விதி என்றார் அந்த அம்மா. பிறகு கையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியை அணைத்துப் பைக்குள் போட்டார்.

"கேளுங்க சார்."

"இது எப்பங்க முடியும்?"

"மூணு வருஷம், நாலு வருஷம் ஆகும். சரியான வயசுல வந்திருந்தாலும் அவ்வளவுதானே சார் ஆகும்?"

"அப்புறம்?"

"அப்புறம் தானா ஆறிடும். தான் யாருன்னு ஒரு தெளிவு வந்திடும். அதுக்கப்புறம் வர்ற பிரியம் வேற மாதிரி இருக்கும். ஆனா அதுக்கு ஒரு ஆள் வேணும் சார்."

என்ன ஆள் என்று பூபதிக்குப் புரியவில்லை. லூர்துமேரி மெதுவாகத்தான் சொன்னார். அந்த வயதுப் பிள்ளை தன்னைத் தேடுவது அப்பா அம்மாவை எதிர்த்துத்தான். அவர்கள் இது கூடாது என்று நின்றால்தான், எனக்கு இது வேண்டும் என்று அதற்குத் தெரியும். பதினாறு வயதில் வந்தால் பெற்றவர்களுக்கு நாற்பது, நாற்பத்தைந்து இருக்கும். திட்டவும் தெம்பு இருக்கும், திட்டு வாங்கவும் தெம்பு இருக்கும். தள்ளிவைத்தவர்களுக்கு அது வந்து சேரும்போது சிலருக்கு அப்பா அம்மாவே இல்லை.

"இல்லாதவங்க என்னங்க ஆனாங்க?"

"இன்னும் தேடிட்டு இருக்காங்க. ஒருத்தர் ஆபீஸ்ல ஒவ்வொரு மேனேஜரோடயும் சண்டை போட்டு ஏழு கம்பெனி மாறிட்டார். ஒரு பொண்ணு புருஷனை அப்பா மாதிரி நெனச்சுச் சண்டை போடுது, அந்தப் புருஷனும் பாவம் என்ன செய்வார்? கோவம் போய்ச் சேர வேண்டிய எடத்துல ஆள் இல்ல சார். அதனால அது முடியவே மாட்டேங்குது."

"நான்தான் இருக்கறனே. அவ என்ன கேட்டாலும் சரின்னுதானுங்க சொல்றேன்."

"அதுதான் சார் பிரச்சனை," என்றார் லூர்துமேரி. "நீங்க இருந்தும் இல்லாம இருக்கீங்க."

பூபதிக்குச் சுருக்கென்றது. நவநீதன் வைத்துவிட்டுப் போன தாள்களை எடுத்துக் காட்டினார். இதைப் போட்டால் என்ன ஆகும்? அடங்கிவிடும், ஆனால் போகாது, என்றாவது ஒருநாள் மறுபடி வரும் என்றார் அந்த அம்மா. அப்போது நீங்கள் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். பூபதியின் நெஞ்சு விஷயம் அவருக்குத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரூர் பக்கம் வண்டி நின்ற இடத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர். மூன்று இடத்தில் அடைப்பு, திறந்து சரிசெய்ய வேண்டும் என்று ஈரோட்டு டாக்டர் சொன்னதற்கு, இருக்கிறவரை இருந்துவிட்டுப் போகிறேன் என்று எழுந்து வந்துவிட்டார். சாந்தாமணி இல்லாத வீட்டில் நெடுங்காலம் இருக்க அவருக்கு ஆசையில்லை.

"அப்ப இப்படிங்களா," என்றார் பூபதி. "நான் கையெழுத்துப் போட்டா, சாகற வரைக்கும் என்ற பொண்ணு எங்கிட்டப் பிரியமா இருப்பா. போடலைன்னா?"

"நாலு வருஷத்துக்குப் பிரியத்தை எதிர்பார்க்காதீங்க சார்."

லூர்துமேரி போனபின் பூபதி அந்தத் தாள்களின் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். பொய் சொல்வானேன், அவருக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்றுதான் இருந்தது. அறுபத்தாறு வயதில் ஒரு மனிதன் கேட்பது என்ன? ராத்திரி ஒரு போன், மாத்திரை போட்டீர்களா என்று ஒரு குரல். அதுவும் இல்லாமல் நெஞ்சு நின்றுபோனால் அந்தச் சாவு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தார். கடைசியாக மகள் முகத்தில் பார்த்தது வெறுப்பாக இருந்தால்? அதற்குப் பயந்தே பேனாவை எடுத்தார்.

எடுத்தவருக்கு ஈரோட்டு மருத்துவமனை ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் ஆபரேஷன் வேண்டாம் என்றபோது தன்ஷிகா பக்கத்தில்தான் நின்றாள். அவளும் டாக்டர்தான். மூன்று அடைப்பு என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு நன்றாகவே தெரியும். "உங்க இஷ்டம்ப்பா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்து வரப் போனாள். எவ்வளவு மரியாதையான பெண் என்று அன்றைக்கு அவருக்கு நெஞ்சு நிறைந்தது. இப்போது அதே நினைவு வேறு மாதிரிச் சுட்டது. அப்பன் சாகப் போகிறேன் என்கிறான், சரி என்கிறாள் மகள். பிரியமுள்ள பிள்ளை சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படுக்கவைத்திருக்காதா? அவள்மேல் குற்றமில்லை. இழுக்கிற கையை எடுத்து அலமாரியில் வைத்தவர் அவரேதான். இத்தனை வருஷமாகத் தனக்குக் கிடைத்தது பிரியமா, இல்லை பிரியம் மாதிரி ஏதோ ஒன்றா என்ற சந்தேகம் அப்போதுதான் முதல்முறையாக வந்தது. அது எந்த நெஞ்சுவலியையும்விட மோசமாக வலித்தது. பேனாவை மூடி வைத்தார்.

இரண்டு நாள் கழித்துத் தன்ஷிகா சாப்பிட்டுக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். பள்ளியில் கூடப் படித்தவர்களில் இவளைப் போலத் தாமதமாக வயது வந்தவர்கள் எட்டுப் பேர் ஒருவரையொருவர் தேடிப் பிடித்துவிட்டார்கள். ஏற்காட்டில் ஒரு வீடு எடுத்து எல்லோரும் சேர்ந்து கொஞ்ச காலம் இருக்கப்போகிறார்கள். ஒருத்தி வங்கி மேலாளர், ஒருவன் ஆடிட்டர், இன்னொருவன் கல்லூரிப் பேராசிரியர். இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டு யாருக்கு என்று இப்போதே அடிதடி நடக்கிறதாம்.

பூபதிக்குக் கேட்கவே சந்தோஷமாக இருந்தது. போய்ட்டு வா அம்மிணி, குளிருக்கு ஸ்வெட்டர் எடுத்துக்கொள் என்று வாய் வரை வந்துவிட்டது. மென்று விழுங்கினார்.

"போகக் கூடாது," என்றார்.

தன்ஷிகா நிமிர்ந்து பார்த்தாள். காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தாள் போல.

"போகக் கூடாதுன்னேன். கல்யாணமான பொண்ணு, ஆம்பளப் பசங்களோட சேர்ந்து ஒரே ஊட்டுல இருக்கறதா? ஊரு என்ன பேசும்?"

ஊரு என்ன பேசும் என்று சொன்னபோது அவருக்கே உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ஆனால் மகளைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. இத்தனை நாளாக அலைந்துகொண்டிருந்த அவள் கண் ஒரு இடத்தில் வந்து நின்றது. அவர் முகத்தில் வந்து நின்றது.

"என் வயசை எடுத்துப் பூட்டி வெச்சீங்களே, அப்ப ஊரு என்ன பேசுச்சுப்பா? பாராட்டுச்சா? என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

மன்னித்துவிடு என்ற சொல் அவர் நாக்கு நுனியில் நின்றது. அதைச் சொல்லிவிட்டால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அவள் உருகிப்போவாள், தண்ணீர் கொண்டுவருவாள், மாத்திரை தேடுவாள், அவரைத் தேற்றுவாள். அவள் மறுபடியும் பெரியவளாகிவிடுவாள், அவர் குழந்தையாகிவிடுவார். அந்தச் சொல்லையும் விழுங்கினார்.

"கேக்கல," என்றார். போர் போடுகிற இடத்துக் குரல் எங்கிருந்தோ ஏறி வந்தது. "பதினஞ்சு வயசுப் புள்ளையக் கேட்டுக்கிட்டா எல்லாம் செய்வாங்க? நான் அப்பன். எனக்குச் சரின்னு பட்டுச்சு, செஞ்சேன். அதனாலதான் நீ இன்னிக்கு டாக்டர். நான் பாறையில காஞ்ச மாதிரி நீ காயக் கூடாதுன்னு செஞ்சேன். இப்ப என்னங்கற?"

நடிப்பாகத்தான் ஆரம்பித்தார். பாதியில் அது நடிப்பாக இல்லை. அதில் பாதியை அவர் இன்னும் உண்மையாகவே நம்புகிறார் என்பது, தன் குரலைத் தானே கேட்டபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அது அவரைப் பயமுறுத்தியது.

"அம்மா செத்தன்னிக்கு எனக்கு அழுகை வரல," என்றாள் தன்ஷிகா. இப்போது அழுதுகொண்டிருந்தாள். "அழணும்னு தெரியுது, வரல. பொணத்துக்குப் பக்கத்துல நின்னு பந்தலுக்கு எத்தனை நாற்காலின்னு எண்ணிட்டு இருந்தேன். பெத்த பொண்ணு ஏன் அழலன்னு உங்களுக்குத் தோணவே இல்லையாப்பா?"

தோன்றியது. தோன்றியும், அப்படி இருப்பது சௌகரியமாக இருந்ததால் விட்டுவிட்டார். அதையும் அவர் சொல்லவில்லை.

"ஏற்காட்டுக்குப் போகக் கூடாது. அவ்வளவுதான்."

"நான் போறேன். உங்களை எனக்குப் பிடிக்கலப்பா."

கத்தரிக்காயைச் சொன்னபோது இருந்த தடுமாற்றம் இதில் இல்லை. தெளிவாகச் சொன்னாள். பூபதிக்கு இடது தோளிலிருந்து மார்புக்கு ஒரு இழுப்பு இழுத்தது. அவள் டாக்டர், முகத்தைப் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவாள் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கோபம்தான் முகத்தைத் திருப்பவைத்தது என்று அவள் நினைத்திருப்பாள். பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் படியிறங்கிப் போகும்வரை அவர் திரும்பவில்லை. போனபிறகு நாக்குக்கடியில் மாத்திரை வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதார்.

அன்று மாலையே நவநீதனைக் கூப்பிட்டுக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பூபதிக்கு அவன்மேல் இரக்கமாக இருந்தது. அவளோடு கொஞ்சம் சண்டை போட்டுத்தான் பாருங்களேன் மாப்பிள்ளை, அவளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது என்றார்.

"எனக்குச் சண்டை போடத் தெரியாது மாமா," என்றான் நவநீதன். "எனக்கும் ஒட்டினாங்க. எங்க ஸ்கூல் ராசிபுரம் பக்கம். ஜாதகம் கொடுக்கும்போது அதைச் சொல்ல வேண்டாம்னு எங்கப்பா சொல்லிட்டார். எனக்கு இன்னும் அந்த வயசு வரல. இவளைப் பாக்கும்போது எனக்கும் வந்துருமோன்னு பயமா இருக்கு. அதனாலதான் அந்தத் தாளைத் தூக்கிட்டு வந்தேன்."

நவநீதனின் அப்பா போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. அம்மா அதற்கும் முன்னாலேயே போனவர். இது பூபதிக்குத் தெரியும். நாற்காலிச் சத்தம்கூட வராமல் பழகுகிற அந்தப் பையனுக்கு ஒருநாள் பொங்கும்போது எதிரில் நிற்க ஒருவரும் இல்லை. பூபதி ரிசீவரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"வரட்டும் மாப்ள. வந்தா நேரா இங்க வாங்க. யாரை வேணா என்ன வேணா திட்டுங்க, ஆனா இங்க வந்து திட்டுங்க. நான் இருக்கறேன்."

சொல்லிவிட்டு வைத்தபிறகுதான் யோசித்தார். நான் இருக்கிறேன் என்று சொல்லியாயிற்று. இருப்பதற்கு என்ன வழி?

மறுநாள் காலையில் பேருந்து ஏறி ஈரோட்டுக்குப் போனார். இரண்டு வருஷத்துக்கு முன் அவரிடம் சொல்லிப் பார்த்து ஏமாந்த அதே இதய மருத்துவரின் முன்னால் போய் உட்கார்ந்து, ஆபரேஷன் செய்துவிடுங்கள் என்றார். டாக்டருக்கு ஆச்சரியம். பழைய படங்களையும் புதிய படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அன்றைக்கு நான் அத்தனை சொல்லியும் எழுந்து போனீர்களே, இப்போது என்ன திடீரென்று வாழ ஆசை என்று கேலியாகக் கேட்டார்.

"என்ற பொண்ணு எங்கூடச் சண்டை போட்டுட்டு இருக்கறாளுங்க," என்றார் பூபதி. "அது முடியறதுக்குள்ள நான் போயிரக் கூடாது. அதுக்கு நாலு வருஷம் ஆகுமாம். மாப்பிள்ளைக்கு எப்ப ஆரம்பிக்கும்னு தெரியலீங்க. நீங்க ஒரு பத்து வருஷத்துக்குத் தாங்கற மாதிரி பண்ணிக் குடுங்க."

டாக்டர் சிரிக்கத்தான் நினைத்தார். அவர் மேஜைமேல் அவருடைய பிள்ளைகளின் படம் ஒன்று சட்டம் போட்டு நின்றது; இரட்டையர்கள் போல, இருவர் காதுக்குப் பின்னாலும் பிளாஸ்திரி. அவர் அதை ஒருமுறை பார்த்துவிட்டுத் தேதி குறித்துக் கொடுத்தார்.

யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று பூபதி நினைத்திருந்தார். கூடத் துணைக்கு வந்த பழைய ரிக் வண்டி டிரைவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் நவநீதனிடம் சொல்லிவிட்டார், அவன் தன்ஷிகாவிடம் சொல்லிவிட்டான். நெஞ்சைத் திறந்து தைத்து, தீவிர சிகிச்சையிலிருந்து வார்டுக்குக் கொண்டுவந்த இரண்டாம் நாள் போன் வந்தது. நர்ஸ் அதை அவர் காதருகே பிடித்துக்கொண்டாள்.

"யாரைக் கேட்டு ஆபரேஷன் பண்ணிக்கிட்டீங்க?" என்றாள் தன்ஷிகா. கத்தியது நர்ஸுக்கும் கேட்டது. "ரெண்டு வருஷமா மாட்டேன் மாட்டேன்னுட்டு, இப்ப எனக்குத் தெரியாமப் போய்ப் படுத்துக்கறீங்க. ஏதாவது ஆகியிருந்தா? நான் என்ன பண்ணியிருப்பேன்? என்னைப் பத்தி நெனச்சீங்களா?"

பூபதிக்குப் பேசினால் தையல் இழுத்தது. மெதுவாகத்தான் பேசினார்.

"நெனச்சேன்."

"எனக்கு இன்னும் உங்க மேல கோவம் போகல. ஆபரேஷன் பண்ணிட்டீங்கன்னு எல்லாம் போயிடும்னு நெனைக்காதீங்க."

"தெரியும் அம்மிணி. அது போகறதுக்கு நாளாகும்னுதான் இதைப் பண்ணிக்கிட்டேன்."

ஏற்காட்டில் காற்றடிப்பது போனில் கேட்டது. பின்னால் யாரோ ஒருவன், கட்டிலைப் பற்றியோ என்னவோ, சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்குவதும் மூக்கை உறிஞ்சுவதும் கேட்டன.

"நாளைக்கு நேர்ல வரேன்," என்றாள் கடைசியில். "வந்து உங்ககிட்டப் பேசிக்கறேன்."

"வா. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் வைத்துவிட்டாள். பூபதி நர்ஸிடம், எழுந்து நடக்க எப்போது விடுவீர்கள் என்று கேட்டார். நாளை காலையில் நாலு அடி நடக்க வைப்போம் என்றாள் அவள். இன்றைக்கே நடந்து பார்க்கலாமா என்று கேட்டார்.